புதிய ஜாஸ் கலைஞர்களைத் தேடிக் கண்டடைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடக இசையும் திரையிசையும் கேட்டு வளர்ந்த நண்பர்கள், கடந்த சில ஆண்டுகளில் ஜாஸ் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் வாத்தியம் வாசிப்பதில்லை. நெடுநாளாகக் கேட்கிறேன், அவ்வளவுதான். எனவே இவை ஒரு ரசிகரின் பதில்கள்.

ஜாஸ் என்பது தாத்தா காலத்து இசை அல்லவா? இப்போதும் யாராவது வாசிக்கிறார்களா?

இருபதிலும் முப்பதிலும் இருப்பவர்கள் வாசிக்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பகுதியும் அதே வயதுக்காரர்கள். லண்டன் அரங்குகளில் நாற்காலியே போடாமல், நின்று ஆடியபடி கேட்கிறார்கள். 2023-ல், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டனின் மெர்க்குரி பரிசை 'எஸ்ரா கலெக்டிவ்' என்ற ஐவர் குழு பெற்றது. 1992 முதல் வழங்கப்பட்டு வரும் அந்தப் பரிசு ஒரு ஜாஸ் குழுவுக்குப் போனது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு நவம்பரில் இதே குழு வெம்ப்ளி அரினாவில் வாசித்தது. பாப் நட்சத்திரங்களுக்கான மேடை அது.

கறுப்பு வெள்ளைப் புகைப்படம், சிகரெட் புகை, கோட் அணிந்த சாக்ஸபோன் கலைஞர் என்ற படம் நம் மனத்தில் தங்கிவிட்டது. 1959-ல் வெளிவந்த ஆல்பங்களையே கடைகள் இன்னும் முன்வரிசையில் வைப்பதும் அதற்குக் காரணம். அவை மகத்தான ஆல்பங்கள்தான். ஆனால் அரியக்குடியோடு கர்நாடக இசை நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இதுவரை ஒன்றுமே கேட்டதில்லை. எங்கே தொடங்கலாம்?

'வீ அவுட் ஹியர்' என்ற தொகுப்பில் தொடங்குங்கள். 2018-ல் 'பிரவுன்ஸ்வுட்' நிறுவனம் வெளியிட்டது. லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் மூன்றே நாட்களில் பதிவு செய்யப்பட்ட 9 படைப்புகள், 9 குழுக்கள். ஒரு குழுவில் தலைமை தாங்குபவர் அடுத்த குழுவில் பக்கவாத்தியமாக உட்கார்ந்திருப்பார். ஒரு நகரத்தின் இளைய தலைமுறையே ஒரு கூடத்தில் கூடியிருக்கிறது.

முதலில் அதன் கடைசிப் பாடலைக் கேளுங்கள்: 'கோகோரோகோ' குழுவின் 'அபூசி ஜங்ஷன்'. ஏழு நிமிடம். கிட்டார் மிக மெதுவாக, மொட்டை மாடியில் யாரோ தனக்குத்தானே வாசித்துக்கொள்வது போல ஆரம்பிக்கிறது. டிரம்பெட்டும் மற்ற ஊதுகுழல்களும் வந்து சேரும்போதுகூடக் குரல் உயர்வதில்லை. ஜாஸ் என்றால் தலைவலி என்று சொன்ன என் உறவினர் ஒருவர், ராத்திரி ரயிலில் இதைக் கேட்டுவிட்டு, அடுத்த நிலையம் வருவதற்குள் இன்னொரு முறை போடச் சொன்னார்.

லண்டன், லண்டன் என்கிறார்களே. அங்கே அப்படி என்ன நடந்தது?

நம் ஊரில் புதிதாக ஒருவர் பாடுவதைக் கேட்டால் நாம் முதலில் கேட்பது என்ன? "யாரிடம் கற்றுக்கொண்டார்?" லண்டனைப் புரிந்துகொள்ளவும் அதே கேள்விதான் சாவி.

கேரி கிராஸ்பி என்ற டபுள் பாஸ் கலைஞரும் ஜனீன் அயன்ஸும் 1991-ல் 'டுமாரோஸ் வாரியர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும், குறிப்பாகக் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஜாஸ் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நோக்கம். கட்டணம் இல்லை. வாரக்கடைசியில் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும். இன்று நாம் 'லண்டன் ஜாஸ்' என்று சொல்லும்போது நினைவுக்கு வரும் பெயர்களில் பெரும்பாலானவர்கள் அந்த வகுப்பின் பிள்ளைகள்: சாக்ஸபோன் கலைஞர்கள் நூபியா கார்சியா, ஷபாகா ஹட்சிங்ஸ், கேசி கினோஷி; டிரம்ஸ் கலைஞர் மோசஸ் பாய்ட்; டிரம்பெட் கலைஞர் ஷீலா மோரிஸ்-கிரே. எஸ்ரா கலெக்டிவ் குழு உருவானதும் அங்கேதான். பரிசு மேடையிலும் அவர்கள் பேசியது தங்களை உருவாக்கிய இளைஞர் இசைப் பயிற்சி மையங்களைப் பற்றியே.

முப்பது ஆண்டுகள் பொறுமையாகத் தண்ணீர் ஊற்றியவர்கள் இருவர். பத்திரிகைகள் "திடீர் எழுச்சி" என்று எழுதியபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் வீட்டில் கேட்டது அமெரிக்க ஜாஸ் மட்டுமில்லை. கரீபியத் தீவுகளிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய குடும்பங்கள் அவை. ரெகே, கலிப்ஸோ, நைஜீரியாவின் ஆஃப்ரோபீட், தேவாலயப் பாடல்கள், லண்டன் தெருவிலேயே பிறந்த 'கிரைம்' (grime) என்ற ராப் வகை இசை எல்லாம் ஒரே காதுக்குள் போயின. எஸ்ரா கலெக்டிவின் டிரம்ஸ் கலைஞர் ஃபெமி கொலியோசோவும் பாஸ் வாசிக்கும் அவருடைய தம்பி டி.ஜே.யும் சிறுவயதில் தேவாலயத்தில் வாசித்தவர்கள். ஜாஸைக் கற்றபின் வீட்டுச் சங்கீதத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரச்சொல்லி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

நூபியா கார்சியாவின் 'சோர்ஸ்' ஆல்பத்தை (2020) எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெயரிலுள்ள பாடல் பன்னிரண்டு நிமிடம் ஓடுகிறது. அடியில் போகும் பாஸ் முழுக்க ரெகே. நிதானமாக, கனமாக, ஒவ்வோர் அடிக்கும் நடுவே இடம்விட்டு நடக்கிறது. அவருடைய டெனர் சாக்ஸபோன் முதலில் இரண்டு மூன்று ஸ்வரங்களையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறது. அவசரமே இல்லை. ஆலாபனையில் ஒரு நல்ல வித்வான் கீழ்ஸ்தாயியை விட்டு மேலே போக மறுத்து நிற்பாரே, அந்த நிதானம். ஒலி மேலேறும்போது நமக்கும் மூச்சு வாங்குகிறது. அதே ஆல்பத்தில் கொலம்பியாவின் கும்பியா தாளத்துக்காக அந்நாட்டுப் பெண்கள் குழுவான 'லா பெர்லா'வோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். அவருடைய பெற்றோர் கயானா, டிரினிடாட் வழி வந்தவர்கள் என்று தெரிந்தபின் கேட்டால், அவர் எந்தக் கடலைச் சுற்றி வருகிறார் என்பது விளங்கும்.

ஷபாகா ஹட்சிங்ஸ் சாக்ஸபோனை விட்டுவிட்டாராமே?

2023-ன் முடிவோடு கீழே வைத்தார். அந்த டிசம்பரில் லண்டன் ஹாக்னியில் உள்ள தேவாலயத்தில் பழைய சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' முழுவதையும் வாசித்தது அதற்கான விடைபெறலாக அமைந்தது. பிறகு புல்லாங்குழல்கள் பக்கம் முழுமையாகத் திரும்பினார். குறிப்பாக, ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சி. 2024-ல் வந்த 'பெர்சீவ் இட்ஸ் பியூட்டி, அக்னாலெஜ் இட்ஸ் கிரேஸ்' ஆல்பத்தில் காற்றே வாத்தியமாகிவிட்டது. நல்ல ஹெட்ஃபோனில், சுற்றிலும் சத்தமில்லாத நேரத்தில் கேளுங்கள். ஸ்வரம் பிறப்பதற்கு முன் குழலின் விளிம்பில் உதடு படுவதுகூடக் கேட்கிறது.

ஆனால் இவரை இங்கிருந்து தொடங்காதீர்கள். 'சன்ஸ் ஆஃப் கெமட்' என்ற அவருடைய பழைய குழுவில் தொடங்குங்கள். ஒரு சாக்ஸபோன், ஒரு டியூபா, இரண்டு டிரம்ஸ். பியானோ இல்லை, கிட்டார் இல்லை. பாஸ் வரிகள் எல்லாம் தியான் கிராஸ் ஊதும் டியூபாவிலிருந்து வருகின்றன. இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் தாளம். நம் ஊர்த் திருவிழாவில் இரண்டு தவில்கள் எதிரெதிரே நின்று வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இந்தக் குழு அந்நியமாகவே படாது. 2018-ன் 'யுவர் குவீன் இஸ் எ ரெப்டைல்' ஆல்பத்தில் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர். அடிமைகளை விடுவித்த ஹாரியட் டப்மன் இருக்கிறார், ஏஞ்சலா டேவிஸ் இருக்கிறார். முதல் படைப்பில் இருப்பவர் ஏடா ஈஸ்ட்மன்: ஷபாகாவின் கொள்ளுப்பாட்டி. சரித்திரப் புகழ்பெற்றவர்களின் வரிசையில் தன் கொள்ளுப்பாட்டியை முதலாவதாக உட்காரவைத்த அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது? ஜாஸ் பிறந்த நாடு அல்லவா?

அங்கே நகரத்துக்கு நகரம் கதை வேறு.

லாஸ் ஏஞ்சலிஸில் 2015-ல் சாக்ஸபோன் கலைஞர் காமாசி வாஷிங்டன் 'தி எபிக்' வெளியிட்டார். மூன்று தட்டுகள், ஏறக்குறைய மூன்று மணி நேரம், முழு வாத்தியக் குழு, சேர்ந்திசைக் குழு. பாடல்கள் இரண்டு நிமிடமாகச் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒன்றை வெளியிட்டு, ராக் இசை கேட்கும் கூட்டத்தையும் உட்காரவைத்தார். அதே ஆண்டு கெண்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' வந்தது. அந்த ஹிப்-ஹாப் ஆல்பத்திலும் காமாசி, பாஸ் கலைஞர் தண்டர்கேட், டெரஸ் மார்ட்டின் எல்லாரும் இருக்கிறார்கள். இவர்கள் சிறுவயது முதலே ஒன்றாக வாசித்தவர்கள். இங்கேயும் பின்னணியில் ஓர் ஆசிரியர் உண்டு: தெற்கு லாஸ் ஏஞ்சலிஸின் லாக் உயர்நிலைப் பள்ளியில் கற்பித்த ரெஜி ஆண்ட்ரூஸ். வெவ்வேறு பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைத் திரட்டி ஒரு ஜாஸ் குழு அமைத்தவர் அவர்.

'தி எபிக்' முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க முயலவேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு.

சிகாகோதான் எனக்கு நெருக்கமான நகரம். அங்குள்ள மகாயா மெக்ரேவன் டிரம்ஸ் வாசிப்பவர், பாரிஸில் பிறந்தவர், தந்தை அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ் கலைஞர், தாய் ஹங்கேரியப் பாடகி. 'இன் தி மொமன்ட்' (2015) ஆல்பத்தை அவர் உருவாக்கிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஓர் ஆண்டு முழுவதும், 28 இரவுகள், முன்கூட்டி எதுவும் எழுதாமல் நண்பர்களோடு மேடையில் வாசித்தார். எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள்: 48 மணி நேரம். பிறகு கணினி முன் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார். ஓரிடத்தில் நான்கு விநாடி நன்றாக அமைந்திருந்தால் அதை எடுத்துச் சுழலவிட்டார். அதன்மேல் இன்னோர் இரவின் துண்டை அடுக்கினார். 48 மணி நேரம் 19 படைப்புகளானது.

கேட்கும்போது இது எப்படித் தெரியும்? தாளம் ஒரு சுற்று முடியும் இடத்தில் இமைப்பொழுது தடுக்குவது போலிருக்கும். அங்கேதான் கத்தரி விழுந்திருக்கிறது. அந்தத் தடுக்கலே திரும்பத் திரும்ப வரும்போது புதிய நடையாகிவிடுகிறது. மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு இதைப் போட்டுக்காட்டினேன். தொடையில் தாளம் போட்டபடி கேட்டவர் மூன்றாம் சுற்றில் நிறுத்தி, "இது எண்ணிக்கையில் அடங்கவில்லை, ஆனால் சமத்துக்குச் சரியாக வருகிறது" என்றார். அதைவிடச் சரியான விளக்கத்தை எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை.

இதை வெளியிட்ட 'இண்டர்நேஷனல் ஆன்தம்' என்ற சிறு நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரம்பெட் கலைஞர் ஜேமி பிராஞ்ச் தன் 'ஃப்ளை ஆர் டை' ஆல்பத்தை (2017) அங்கேதான் வெளியிட்டார். கோபமும் கருணையும் ஒரே மூச்சில் வரும் வாசிப்பு. 2022-ல், 39 வயதில் இறந்துபோனார். அவர் ஏறக்குறைய முடித்துவைத்திருந்த கடைசி ஆல்பம் அடுத்த ஆண்டு வந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் இன்னும் எவ்வளவோ மிச்சமிருந்தது என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நியூயார்க்கில் பழைய வழியிலேயே, அதாவது மைக்குக்கு முன் நான்கு பேர், பியானோ, பாஸ், டிரம்ஸ், சாக்ஸபோன் என்ற அமைப்பிலேயே புதுமை செய்பவர்கள் உண்டு. இம்மானுவேல் வில்கின்ஸின் 'ஒமேகா' (2020) போதும். ஆல்டோ சாக்ஸபோன் அழுவதும் வாதாடுவதும் ஒன்றாக நடக்கிறது.

கணினியில் வெட்டி ஒட்டுகிறார்கள், ஹிப்-ஹாப் கலக்கிறார்கள். இதையெல்லாம் ஜாஸ் என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஜாஸ் பிறந்ததே கலப்பில். நியூ ஆர்லியன்ஸில் அணிவகுப்பு வாத்தியங்களும் ப்ளூஸும் கரீபியத் தாளங்களும் தேவாலயப் பாட்டும் சேர்ந்து வந்தது அது.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மனோதர்மம் இருக்கிறதா? ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அந்தக் கணத்திலேயே தன் வழியை மாற்றிக்கொள்கிறாரா? இருந்தால் எனக்கு அது ஜாஸ். பின்னணியில் மென்மையாக ஒரு சாக்ஸபோனை ஓடவிட்டு, "படிப்பதற்கான ஜாஸ்" என்று பெயரிட்டு வரும் மணிக்கணக்கான காணொளிகளில் அது இல்லை.

ஹிப்-ஹாப் பற்றி ஒரு விஷயம். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா என்ற இசையமைப்பாளர், 2006-ல் காலமானவர், இயந்திரத்தில் டிரம்ஸ் அடிகளை வேண்டுமென்றே சரியான தாளக் கட்டத்திலிருந்து சற்று முன்னும் பின்னுமாக வைத்தார். கால் இடறி நடப்பது போன்ற அந்த நடையைக் கேட்டு வளர்ந்த டிரம்ஸ் கலைஞர்கள், அதைத் தங்கள் கையாலேயே வாசிக்கக் கற்றார்கள். பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பரின் 'பிளாக் ரேடியோ'வில் (2012) கிறிஸ் டேவ் வாசிப்பதைக் கேளுங்கள். இயந்திரத்திடமிருந்து மனிதன் கற்று, அதை மறுபடி உயிருள்ள வாசிப்பாக்கிய அதிசயம்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு ஏற்றவர்கள் யாராவது உண்டா?

இருக்கிறார்கள், நெருங்கிய சொந்தங்களாகவே.

விஜய் ஐயர் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1971-ல் பிறந்தவர். மூன்று வயதில் வயலின் தொடங்கினார். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றார். யேலில் கணிதமும் இயற்பியலும் படித்தார். 2013-ல் மெக்ஆர்தர் நல்கை, அடுத்த ஆண்டு ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. பட்டங்கள் இருக்கட்டும், 'அன்ஈசி' (2021) ஆல்பத்தைக் கேளுங்கள். பாஸ் வாசிப்பவர் லிண்டா மே ஹான் ஓ. டிரம்ஸ் டைஷான் சோரி. சோரி 2024-ல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்ற இசையமைப்பாளரும்கூட. மூன்று பேரில் யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்று சொல்லவே முடியாது. 'தீர்த்தா' (2011) ஆல்பத்தில் விஜய் ஐயரோடு சேர்ந்திருப்பவர் கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். தபலாவில் நிதின் மித்தா.

ருத்ரேஷ் மஹந்தப்பாவின் கதை எனக்கு மிகவும் விருப்பமானது. அமெரிக்காவில் வளர்ந்த கன்னடக் குடும்பத்துப் பிள்ளை, ஆல்டோ சாக்ஸபோன் மாணவர். அவருடைய அண்ணன் வேடிக்கைக்காக ஒரு இசைத்தட்டைப் பரிசளித்தார்: இந்திய பாணியில் சாக்ஸபோன். வாசித்தவர் கத்ரி கோபால்நாத். கேட்டவருக்கு வேடிக்கையாக இல்லை, தலைகீழாகப் புரட்டிப்போட்டது. பின்னாளில் தேடிப்போய் கத்ரியோடு சேர்ந்து 'கின்ஸ்மென்' (2008) ஆல்பத்தை உருவாக்கினார். வயலின் ஏ. கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி. இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள் பக்கம்பக்கமாக நிற்கின்றன. ஒன்று கமகத்தில் வளைந்து வருகிறது. மற்றது நேராகப் பாய்ந்து மூலை திரும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டு எது யாருடையது என்று பிரித்துப்பாருங்கள், முதல் பத்து நிமிடத்தில் எளிது. போகப்போகத் தடுமாறிப்போவீர்கள்.

பாடகி கானவ்யா நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஹரிகதை மரபில் பழகியவர். 2024-ல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்தில் விஜய் ஐயர், ஷபாகா, இம்மானுவேல் வில்கின்ஸ் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்திருக்கிறார்கள். 2025-ல் வந்த ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் 'நிலம்'. அந்தச் சொல்லை ஓர் அயல்நாட்டு ஆல்பத்தின் முகப்பில் பார்த்தபோது ஏற்பட்ட நெகிழ்ச்சியை நான் மறைக்கப்போவதில்லை. வில்கின்ஸின் 'ப்ளூஸ் பிளட்' ஆல்பத்திலும் இவர் குரல் உண்டு. விருந்தாளியைப் போல ஓரமாக நிற்காமல், வீட்டுப் பெண்ணாகப் பாடுகிறார்.

ஹார்ப் (யாழ் போன்ற நரம்பு வாத்தியம்) வாசிக்கும் ஜாஸ் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, அதன் வேரில் கோயம்புத்தூர் மண் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஹார்ப் கலைஞரும் ஜான் கோல்ட்ரேனின் மனைவியுமான ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-ல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா' ஆல்பம் அவருடைய குருவான சுவாமி சச்சிதானந்தாவின் பெயரைத் தாங்கியது. அந்தச் சுவாமி கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். தம்பூராவின் ரீங்காரத்தின் மேல் ஹார்ப் அலை அலையாக விழும். நீண்ட காலம் விமர்சகர்கள் சரியாக மதிக்காத இந்தப் பெண்மணி, இன்றைய தலைமுறையின் பெருந்தாயாகிவிட்டார். நாலா சினெஃப்ரோவின் 'ஸ்பேஸ் 1.8' (2021), பிராண்டி யங்கரின் 'பிராண்ட் நியூ லைஃப்' (2023) இரண்டையும் கேட்டால் அந்த வம்சம் புரியும். நாலா ஹார்ப்போடு சிந்தசைசரைச் சேர்க்கிறார். தூக்கம் வராத இரவுகளுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

தென்னாப்பிரிக்கா?

என்டுடுஸோ மகதினி. பியானோ கலைஞர்; தன் மக்களின் மரபில் குணமாக்குபவராகவும் தீட்சை பெற்றவர். 2020-ல் 'புளூ நோட்' நிறுவனம் வெளியிட்ட 'மோட்ஸ் ஆஃப் கம்யூனிகேஷன்' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள்.

ஒரு கலைஞரைப் பிடித்துவிட்டது. அடுத்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிசம்பர் சீசனில் நண்பர்கள் கச்சேரிக்குக் கூப்பிட்டால், "பாட்டு யார்?" என்று கேட்டுவிட்டு, மூச்சு விடாமல் "பக்கவாத்தியம் யார்?" என்று கேட்போம். ஜாஸுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். நான் புதியவர்களைக் கண்டடைந்தது பெரும்பாலும் இந்த ஒரு வழியில்தான்.

ஓர் உதாரணம். 'சோர்ஸ்' பிடித்திருந்ததா? அதன் பங்கேற்பாளர் பட்டியலைப் பாருங்கள். கீபோர்டு ஜோ ஆர்மன்-ஜோன்ஸ். அவர் எஸ்ரா கலெக்டிவ் குழுவில் இருப்பவர். தனியாக 'ஸ்டார்டிங் டுடே' (2018) வெளியிட்டிருக்கிறார். அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் மோசஸ் பாய்ட். அவருடைய 'டார்க் மேட்டர்' (2020) பக்கம் போகலாம். இல்லையென்றால் மறுபடி 'சோர்ஸ்' பட்டியலுக்குத் திரும்பி, பாஸ் வாசிக்கும் டேனியல் கசிமிரைத் தொடரலாம். ஒரே ஆல்பத்திலிருந்து நான்கு வாசல்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னும் நான்கு.

பட்டியல் எங்கே கிடைக்கும்? ஒலித்தட்டின் பின்னட்டையில் கிடைக்கும். இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தின் கீழே கலைஞர்களே எழுதியிருப்பார்கள். ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொண்டு பெயர்களைக் கையால் எழுதுங்கள். என் நோட்டில் மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயர் நான்காவது முறையாக வந்தபோதுதான், அந்த டிரம்ஸ் கலைஞர்தான் எனக்குப் பிடித்த பாதி ஆல்பங்களுக்கு முதுகெலும்பு என்பதைக் கவனித்தேன்.

செயலியே அடுத்த பாடலைப் பரிந்துரைக்கிறதே, அது போதாதா?

நீங்கள் ஏற்கெனவே கேட்டதற்கு நெருக்கமானதையே அது தரும். சினேகமான வழிகாட்டிதான், ஆனால் உங்களை ஒரே தெருவில் சுற்றவைக்கும். 'சோர்ஸ்' கேட்டவருக்கு அது 'லா பெர்லா'வின் கொலம்பியத் தாளத்தைக் காட்டாமலே போகலாம். மனிதர்கள் தொகுக்கும் வானொலி நிகழ்ச்சிகள் அப்படியில்லை. பிபிசி 6 மியூசிக்கில் ஜைல்ஸ் பீட்டர்சன் நடத்தும் நிகழ்ச்சி ஒரு நல்ல உதாரணம். 'வீ அவுட் ஹியர்' வெளியிட்ட நிறுவனமும் அவருடையதே. அமெரிக்கப் பொது வானொலியின் 'டைனி டெஸ்க்' காணொளிகளையும் பாருங்கள். ஓர் அலுவலக மேசைக்குப் பின்னால் நின்று வாசிப்பதால், ஒருவரையொருவர் எப்போது பார்த்துக்கொள்கிறார்கள், யார் தலையசைத்ததும் தாளம் மாறுகிறது என்பதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்.

பழைய மேதைகளைக் கேட்காமல் இவர்களைப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும். தியாகராஜரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டா நாம் முதல் கீர்த்தனையைக் கேட்டோம்? புதியவர்களிடமிருந்து பின்னோக்கி நடந்துபோவது இன்னும் இனிமை. நாலாவிடமிருந்து ஆலிஸ் கோல்ட்ரேனுக்கு, ஷபாகாவிடமிருந்து ஜான் கோல்ட்ரேனுக்கு. இரண்டு தலைமுறையும் ஒரே அறையில் உட்கார்ந்த ஆல்பமும் உண்டு: எலக்ட்ரானிக் கலைஞர் 'ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ்', லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா, எண்பது வயதான ஃபேரோ சாண்டர்ஸ் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட 'ப்ராமிசஸ்'. ஆலிஸின் 1971 ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்தவரும் இதே சாண்டர்ஸ்தான். ஏழே ஸ்வரங்களாலான ஒரு சொற்றொடர் 46 நிமிடத்தின் பெரும்பகுதியிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு மேல் அந்தக் கிழவர் சில இடங்களில் வாத்தியத்தை எடுத்துவிட்டு வாயாலேயே முணுமுணுக்கிறார். அடுத்த ஆண்டு காலமானார்.

இரண்டு மூன்று முறை கேட்டேன். பிடிக்கவில்லை. என்ன செய்வது?

வேறொருவருக்குப் போங்கள். கிட்டார் கலைஞர் மேரி ஹால்வர்சனை நான் முதலில் கேட்டபோது ஸ்வரங்கள் வழுக்கி விழுவது போலத் தோன்றி எழுந்துவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து 'அமரிலிஸ்' (2022) வந்தபோது அதே வழுக்கல் அழகாகத் தெரிந்தது. இடையில் எதையும் படித்து நான் தேறிவிடவில்லை. காது அதன் வேகத்தில் வந்து சேர்ந்தது.

சமையல் செய்துகொண்டே கேட்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், குறைந்தது முதல் முறை. டிரம்ஸ் கலைஞரை மட்டும் தொடர்ந்து ஒரு முறை, பாஸை மட்டும் தொடர்ந்து ஒரு முறை கேளுங்கள். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காபி குடிக்கப் போகாதவர்களுக்கு இது கைவந்த கலை.

கலைஞர்களுக்கு நாம் கொடுக்கும் பணம் போய்ச்சேர வேண்டும். எப்படி வாங்குவது?

பேண்ட்கேம்பில் ஆல்பமாக வாங்குங்கள். வழக்கமாக டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில், கச்சேரிகள் எல்லாம் நின்றுபோனபோது, ஒரு வெள்ளிக்கிழமை தன் பங்கை முழுவதும் விட்டுக்கொடுத்தது. 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்ற பெயரில் அது ஆண்டின் சில வெள்ளிக்கிழமைகளில் தொடர்கிறது. நான் வாங்க நினைப்பவற்றை எழுதிவைத்து அந்த நாளுக்காகக் காத்திருப்பேன். கேட்ட ஆல்பங்களில் மனத்தில் நின்ற ஒன்றையாவது மாதாமாதம் வாங்கிவிடுவது வழக்கம். ஜேமி பிராஞ்சின் கடைசி ஆல்பத்தை வாங்கியதும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான். அன்று வேறு எதையும் கேட்கவில்லை.